வீட்டுக் காவலுக்கு எந்தத் துப்பாக்கி? கடைக்குப் போகுமுன் சுவரைத் தட்டிப் பாருங்கள்

கேள்வி சுருக்கமாக இது. வீட்டில் நான்கு பேர்: கணவன், மனைவி, ஒன்பது வயதுப் பையன், முழங்கால் வலியோடு நடமாடும் தாயார். துப்பாக்கி வைத்துக்கொள்ளச் சட்டப்படி அனுமதி கிடைத்துவிட்டது. ஆனால் வீட்டில் யாரும் இதுவரை ஒரு தோட்டாகூடச் சுட்டதில்லை. நண்பர் ஒருவர் 12 போர் பம்ப் ஷாட்கன்தான் சரி என்கிறார் (12 போர் என்பது குழலின் அகல அளவு; முன்பிடியை இழுத்துத் தள்ளித் தோட்டா ஏற்றுவது பம்ப்). இன்னொருவர் பெரிய தோட்டா போடும் பிஸ்டல் வேண்டும் என்கிறார். கடையிலோ, "மேடத்துக்கு இதுதான் பொருத்தம்" என்று உள்ளங்கையில் அடங்கும் ரிவால்வரை எடுத்து நீட்டியிருக்கிறார்கள். எதை வாங்குவது?

பல ஆண்டுகளாகப் புதியவர்களுக்குச் சுடக் கற்றுக்கொடுத்து வருகிறேன். இப்படி யார் கேட்டாலும் முதலில் மூன்று விஷயங்களைத் திருப்பிக் கேட்பேன். உங்கள் வீட்டு உட்சுவர்கள் எதனால் கட்டியவை? துப்பாக்கியைத் தொட வேண்டியவர்களில் யாருடைய கைக்கு வலு குறைவு? எங்கே பூட்டி வைப்பீர்கள்? இந்த மூன்றுக்கும் விடை தெரிந்துவிட்டால் எந்தத் துப்பாக்கி என்பது பாதிக்கு மேல் தானே முடிவாகிவிடும். தெரியாமல் வாங்கினால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் அது அந்த வீட்டுக்குப் பொருந்தாது.

காத்திருக்க வைக்காமல் என் பதிலைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் குடும்பத்துக்கு முழு அளவு 9 மில்லிமீட்டர் பிஸ்டல் ஒன்று போதும். தாயார் அறைக்கும் உங்கள் அறைக்கும் நடுவே இருப்பது செங்கல் சுவராக இருந்து, உங்கள் நாட்டுச் சட்டமும் இடம் கொடுத்தால், தோளில் வைத்துச் சுடும் குட்டை ரைபிளான 9 மில்லிமீட்டர் கார்பைன் அதைவிட நல்லது. 12 போர் ஷாட்கனைக் கடைசியில் வைக்கிறேன், கையடக்க ரிவால்வரை வேண்டவே வேண்டாம் என்கிறேன். காரணங்களைச் சொல்லத்தான் சற்று இடம் தேவைப்படுகிறது.

சுவரிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் பெரும்பாலானவர்கள் யோசிக்காமல் விடுவது அதைத்தான். தாக்க வருபவனைத் தடுத்து நிறுத்தும் அளவுக்கு வலுவுள்ள எந்தத் தோட்டாவும் ஜிப்சம் பலகைச் சுவரைத் துளைத்துக்கொண்டு அடுத்த அறைக்குள் போகும். இதற்கு விதிவிலக்கு கிடையாது. "சுவருக்குள் போகாது, ஆனால் ஆளை நிறுத்தும்" என்று யாராவது தோட்டா விற்றால் அந்தக் கடையை விட்டு வெளியே வந்துவிடுங்கள்.

ஏன் இப்படி என்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1986 ஏப்ரல் 11 அன்று அமெரிக்காவின் மயாமியில் இரண்டு வங்கிக் கொள்ளையர்களை எஃப்.பி.ஐ. எனப்படும் மத்தியப் புலனாய்வு அதிகாரிகள் மடக்கினார்கள். மோதலின் தொடக்கத்திலேயே கொள்ளையரில் ஒருவன் மேல் 9 மில்லிமீட்டர் தோட்டா ஒன்று பாய்ந்தது. கையைத் துளைத்து நெஞ்சுக்குள் போன அது இதயத்தை எட்டாமல் நின்றுவிட்டது. அதன் பிறகும் அவன் சுட்டுக்கொண்டே இருந்தான். இரண்டு அதிகாரிகள் இறந்தார்கள், ஐந்து பேர் காயமடைந்தார்கள். அந்த நாளுக்குப் பிறகுதான் தற்காப்புத் தோட்டாவுக்கென்று ஓர் அளவுகோல் வந்தது. மனிதத் தசையை ஒத்த ஜெலட்டின் கட்டியில் சுட்டால் தோட்டா குறைந்தது 12 இன்ச் போக வேண்டும், 18 இன்ச்சைத் தாண்டக் கூடாது. சென்டிமீட்டரில் சொன்னால் சுமார் 30 முதல் 46 வரை. கையில் பட்டு, பக்கவாட்டில் நுழைந்து, கெட்டியான உடையைத் தாண்டி முக்கிய உறுப்பைத் தொட வேண்டுமானால் அந்த ஆழம் தேவை. அவ்வளவு தூரம் போகும் ஒன்றுக்கு அரை இன்ச் ஜிப்சம் பலகை எம்மாத்திரம்?

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. தற்காப்புக்கென்று விற்கும் குழிமுனைத் தோட்டா, ஈரமான தசைக்குள் நுழையும்போது முனை மலர்ந்து, அகலமாகி, வேகம் குறைந்து நின்றுவிடும்படி செய்யப்பட்டது. அதே தோட்டா முதலில் சுவரில் பட்டால் ஜிப்சம் தூள் அந்தக் குழியை அடைத்துவிடும். அப்புறம் மலராது. சாதாரண உருண்டை முனைத் தோட்டாவைப் போலவே அடுத்தடுத்த அறைகளுக்குள் போய்க்கொண்டிருக்கும். ஆகவே குழிமுனைத் தோட்டா உங்கள் பிள்ளையைக் காப்பது குறி தப்பாதபோது மட்டும். குறியில் பட்டால் அது உடலுக்குள்ளேயே நிற்கும் வாய்ப்பு அதிகம், பின்னால் இருப்பவருக்கு ஆபத்து குறைவு. தப்பிய தோட்டாவுக்கு எந்த முனையும் காவல் இல்லை. அதனால்தான் எந்தத் துப்பாக்கியால் உங்கள் கை குறி தப்பாமல் சுடுமோ அதையே வாங்கச் சொல்கிறேன்.

5.56 மில்லிமீட்டர் ரைபிள் தோட்டா எல்லாவற்றையும்விட அதிகச் சுவர்களைத் துளைக்கும் என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். வியப்பாக இருக்கும், உட்சுவர்களைப் பொறுத்தவரை அது அப்படி இல்லை. சுமார் மூன்றரை கிராம் எடையுள்ள அந்தச் சின்னத் தோட்டா மிகுந்த வேகத்தில் போவதால், இலேசான வகைகள் முதல் பலகையில் பட்டதுமே தடுமாறிப் புரண்டு, பல சமயம் உடைந்து, சீக்கிரம் வலுவிழக்கும். எட்டு கிராம் எடையுள்ள 9 மில்லிமீட்டர் தோட்டா மெதுவாகவும் நேராகவும் போகும். ஆனாலும் இரண்டுமே பல சுவர்களைத் தாண்டக்கூடியவைதான். "ரைபிள் என்றால் பாதுகாப்பு" என்று இதிலிருந்து எடுத்துக்கொள்ளாதீர்கள்.

எனவே இன்றைக்கே ஒரு வேலை செய்யுங்கள். ஒரு தாளில் வீட்டின் வரைபடத்தைப் போடுங்கள். ஒவ்வொருவரும் இரவில் தலை வைத்துப் படுக்கும் இடத்தைக் குறியுங்கள். நீங்கள் எங்கே நின்று காத்துக்கொள்வீர்களோ அந்த இடத்திலிருந்து வாசல், கூடம், நடை என்று ஆள் வரக்கூடிய ஒவ்வொரு வழிக்கும் கோடு இழுங்கள். அந்தக் கோட்டைச் சுவரைத் தாண்டியும் நீட்டுங்கள். அது பையன் கட்டில் மேலோ, தாயார் அறை மேலோ, பக்கத்து வீட்டுச் சன்னல் மேலோ போனால் அந்தத் திசையில் சுடக் கூடாது. நிற்கும் இடத்தை மாற்றுங்கள், அல்லது கட்டிலை மாற்றுங்கள். கட்டிலை இரண்டு மீட்டர் நகர்த்துவதற்குச் செலவே இல்லை. எந்த விலையுயர்ந்த தோட்டாவும் தராத பாதுகாப்பு அதில் இருக்கிறது. சுவர் செங்கல்லாகவோ கான்கிரீட்டாகவோ இருந்தால் பிஸ்டல் தோட்டாவைப் பெரும்பாலும் தடுக்கும், ஆனால் தெறித்துத் திரும்பும் ஆபத்து கூடும். கதவும் சன்னலும் எதையும் தடுக்காது.

அடுத்தது கை. கடையில் காட்டிய அந்தச் சின்ன ரிவால்வரைப் பற்றி எனக்கு உண்மையிலேயே கோபம் உண்டு. பெண் என்றாலே சின்னத் துப்பாக்கி என்று எடுத்துக் கொடுக்கும் பழக்கம், அவர்களுக்குச் சுடுவதிலேயே வெறுப்பை உண்டாக்கிவிடுகிறது. கணக்கைப் பாருங்கள். ஒரே தோட்டாவைப் போட்டு 900 கிராம் துப்பாக்கியிலும் 450 கிராம் துப்பாக்கியிலும் சுட்டால், இலேசானது இரண்டு மடங்கு வேகத்தில் கையில் உதைக்கும். குழல் குட்டையாக இருப்பதால் குறிமுள்ளும் குறிக்குழியும் நெருங்கி நின்று, கடுகளவு பிழையும் இலக்கில் பெரிதாகிவிடும். விசையோ (ட்ரிகர்) நான்கரை, ஐந்து கிலோ அழுத்தம் கொடுத்தால்தான் நகரும். துப்பாக்கியின் எடையைப்போலப் பத்து மடங்கு அது. நன்கு பழகியவர்களே அதை வைத்துக்கொண்டு தடுமாறுவார்கள். அந்தத் துப்பாக்கி சட்டைக்குள் மறைத்துக்கொண்டு போக வேண்டியவர்களுக்காகச் செய்யப்பட்டது. படுக்கையறைப் பெட்டிக்குள் இருக்கப்போகும் துப்பாக்கி சின்னதாக இருக்க எந்தக் காரணமும் இல்லை.

முழு அளவு 9 மில்லிமீட்டர் பிஸ்டல் என்றால் பதினொன்று, பன்னிரண்டு சென்டிமீட்டர் குழல், எழுநூறு முதல் தொள்ளாயிரம் கிராம் எடை, தோட்டாக் கூடான மேகசினில் 15 முதல் 17 தோட்டா. எடை உதையை வாங்கிக்கொள்ளும், நீளம் குறியைச் சீராக்கும். முதல் தோட்டாவை ஏற்ற, ஸ்லைடு எனப்படும் பிஸ்டலின் மேல்பாகத்தைப் பின்னால் இழுக்க வேண்டும். "ஸ்லைடை இழுக்க எனக்குப் பலம் இல்லை" என்று பலர் சொல்வார்கள். பத்தில் எட்டுப் பேருக்கு அது பலக்குறைவு இல்லை, பிடிக்கும் விதத்தில் உள்ள கோளாறு. ஸ்லைடை ஒரு கையால் இறுகப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் துப்பாக்கியை முன்னால் தள்ளச் சொன்னால் அடுத்த நொடியே முடித்துவிடுவார்கள். மூட்டுவாதம் போன்ற தொல்லையால் அப்படியும் முடியாதவர்களுக்கு, மென்மையான வில் வைத்த, சற்றே சிறிய தோட்டா போடும் பிஸ்டல்கள் இருக்கின்றன. கனமான எஃகு ரிவால்வரில் .38 ஸ்பெஷல் தோட்டாவும் ஒரு வழி. இழுக்க வேண்டியதில்லை, சிக்கிக்கொள்வதும் அரிது. விசைதான் கனம்.

தோட்டாவின் அளவைப் பற்றிய சண்டைக்கு நான் அதிக இடம் தரப் போவதில்லை. மயாமிக்குப் பிறகு எஃப்.பி.ஐ. 9 மில்லிமீட்டரைக் கைவிட்டு 10 மில்லிமீட்டருக்குப் போனது. அதன் உதை பலருக்கும் தாங்கவில்லை என்று .40 அளவுக்கு இறங்கியது. 2014-ல், குழிமுனைத் தோட்டாக்கள் நன்றாக மேம்பட்டுவிட்டன, குறைந்த உதையில் அதிகாரிகள் வேகமாகவும் துல்லியமாகவும் சுடுகிறார்கள் என்று சொல்லி மறுபடியும் 9 மில்லிமீட்டரையே பரிந்துரைத்தது. ஏறக்குறைய முப்பது ஆண்டு சுற்றிவிட்டுப் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தார்கள். நீங்கள் அந்தச் சுற்றைச் சுற்ற வேண்டாம்.

இனி ஷாட்கன். அதன் வலிமையை யாரும் குறைத்துச் சொல்ல முடியாது. 12 போர் தோட்டா ஒன்றில் டபுள் ஜீரோ எனப்படும் பெரிய குண்டுகள் எட்டோ ஒன்பதோ இருக்கும். ஒவ்வொன்றும் 8.4 மில்லிமீட்டர் விட்டம். அத்தனையும் ஒரே நேரத்தில் போய்ப் பாயும். ஆனால் அதைச் சுற்றி இருக்கும் நம்பிக்கைகளில் பாதி தவறு. "குறி பார்க்கவே வேண்டாம், பொதுவாக நீட்டிச் சுட்டால் போதும்" என்பது முதலாவது. ஓர் அறையின் குறுக்கே நாலைந்து மீட்டர் தூரத்தில் அந்தக் குண்டுகள் முஷ்டி அகலத்துக்குத்தான் விரிந்திருக்கும். குறி பார்க்காவிட்டால் ஒன்பதும் சேர்ந்தே தப்பும், ஒன்பதும் சேர்ந்தே சுவரைத் துளைக்கும். "பம்ப் இழுக்கும் சத்தத்தைக் கேட்டே திருடன் ஓடிவிடுவான்" என்பது இரண்டாவது. ஓடலாம், ஓடாமலும் போகலாம். நீங்கள் எங்கே இருக்கிறீர்கள், கையில் என்ன இருக்கிறது என்று இருட்டில் அவனுக்கு அறிவித்தது மட்டும் நிச்சயம். பறவை வேட்டைக்கான பொடிக்குண்டுத் தோட்டா சுவருக்கு நல்லது என்று போடுபவர்களும் உண்டு. அது சுவரில் சீக்கிரம் வலுவிழப்பது உண்மை. உடலிலும் தேவையான ஆழத்துக்குப் போகாது என்பதும் அதே அளவு உண்மை.

புதியவர்களுக்கு ஷாட்கனைக் கடைசியில் வைப்பதற்கு என் காரணம் வேறு. அதன் உதை பயிற்சியைக் கொன்றுவிடும். முதல் நாள் பத்துத் தோட்டா சுட்டுத் தோள் கன்றிப்போனவர் இரண்டாம் நாள் வர மாட்டார். பதற்றத்தில் பம்பை முழுதாகப் பின்னால் இழுக்காமல் பாதியில் தள்ளி, அடுத்த தோட்டா ஏறாமல் நிற்பதை மைதானத்திலேயே அடிக்கடி பார்க்கிறேன். வீட்டில், இருட்டில், கேட்கவே வேண்டாம். தோள்கட்டை பெரும்பாலும் உயரமான ஆண்களின் கைக்கு அளந்து செய்யப்பட்டது, உங்கள் மனைவிக்கு அது நீளம். இவ்வளவும் தெரிந்தும் ஷாட்கன்தான் என்றால், அல்லது சட்டம் அதை மட்டுமே அனுமதித்தால், 12 போரைவிடச் சிறிய 20 போர் அரைத் தானியங்கி வகையை, குட்டையான தோள்கட்டையோடு எடுங்கள். உதை நன்றாகக் குறையும். இன்னொன்று: பெரும்பாலான பம்ப் ஷாட்கன்கள் கீழே விழுந்தால் வெடிக்காமல் தடுக்கும் அமைப்பு இல்லாதவை. அதனால் குழலின் பின்முனையில், சுடத் தயாராகத் தோட்டா உட்காரும் குழிக்குள் தோட்டாவை ஏற்றி வைக்கவே கூடாது.

கார்பைனை நான் விரும்புவதற்கு ஒரே காரணம், பழகாத கை அதை வைத்து நேராகச் சுடும். இரண்டு கை, தோள், கன்னம் என்று நான்கு இடத்தில் உடம்பு அதைத் தாங்குகிறது. பிஸ்டலை இரண்டு கை மட்டுமே. பிஸ்டலில் ஒரு மாதம் பிடிக்கும் துல்லியம் கார்பைனில் ஒரே பிற்பகலில் வந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். குறை என்னவென்றால் ஒரு கையில் போனையோ பிள்ளையையோ பிடித்தால் அதைத் தூக்க முடியாது. மூலையில் திரும்பும்போது குழல் உங்களுக்கு முன்னால் போய் நிற்கும், யாராவது அதைப் பிடித்து இழுக்கலாம். வீட்டுக்குள் தேடிக்கொண்டு நடப்பவருக்கு அது தொல்லை. ஆனால் நீங்கள் தேடிக்கொண்டு நடக்கப்போவதில்லை, அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

எதை வாங்கினாலும் விளக்கு வேண்டும். இதை விருப்பத்துக்கு விடமாட்டேன். இருட்டில் நிழலைச் சுட்டு மகனையோ மனைவியையோ இழந்தவர்களின் செய்தி எல்லா நாட்டிலும் வருகிறது. 2013 பிப்ரவரி 14 அதிகாலையில் தென்னாப்பிரிக்க ஓட்ட வீரர் ஆஸ்கர் பிஸ்டோரியஸ், பூட்டிய கழிவறைக் கதவின் ஊடே 9 மில்லிமீட்டர் பிஸ்டலால் நான்கு முறை சுட்டார். உள்ளே இருந்தது அவருடைய காதலி ரீவா ஸ்டீன்காம்ப். திருடன் என்று நினைத்ததாக அவர் சொன்னார். மேல்முறையீட்டு நீதிமன்றம் 2015-ல் அதைக் கொலை என்றே தீர்ப்பளித்தது. கதவுக்குப் பின்னால் யார் இருந்தாலும் சாவு நேரலாம் என்று தெரிந்தே சுட்டார் என்பதுதான் காரணம். அவர் சொன்னதை அப்படியே ஏற்றுக்கொண்டாலும், பார்க்காத ஒருவரைச் சுட்டார் என்பது மாறாது. அமெரிக்கத் துப்பாக்கிப் பயிற்சியாளர் ஜெஃப் கூப்பர் வகுத்துக் கொடுத்த நான்கு விதிகளை எல்லாப் பயிற்சி மைதானத்திலும் சொல்லிக்கொடுக்கிறோம்: எல்லாத் துப்பாக்கியையும் தோட்டா ஏறியதாகவே கருது, அழிக்க விரும்பாத எதன் மேலும் குழலைத் திருப்பாதே, குறி பார்க்கும்வரை விசையில் விரல் வைக்காதே, இலக்கு எது, அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று உறுதியாகத் தெரிந்துகொள். நான்காவதை விளக்கு இல்லாமல் இரவில் கடைப்பிடிக்கவே முடியாது. துப்பாக்கியில் பொருத்திய விளக்கோடு தனியாக ஒரு கைவிளக்கும் வையுங்கள். யார் என்று பார்க்க வேண்டும் என்பதற்காக அவர் மேல் துப்பாக்கியை நீட்டக் கூடாது. அதற்குக் கைவிளக்கு இருக்கிறது.

சத்தத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 140 டெசிபலைத் தாண்டும் ஒரே ஒரு வெடிச்சத்தம் காதை நிரந்தரமாகக் கெடுக்கக்கூடும். பிஸ்டலானாலும் ரைபிளானாலும் 155, 160 என்று போகும். மூடிய அறைக்குள் அது எதிரொலித்து இன்னும் தாக்கும். மெல்லிய ஒலியைப் பெருக்கி, வெடிச்சத்தத்தை அடக்கும் மின்னணுக் காதுறை ஒன்றைப் பெட்டிக்குப் பக்கத்தில் வையுங்கள்.

இப்போது பூட்டு. உங்கள் வீட்டில் ஒன்பது வயதுப் பையன் இருப்பதால் இதை நீட்டியே சொல்ல வேண்டும். "அவனுக்கு நன்றாகச் சொல்லி வைத்திருக்கிறோம், தொட மாட்டான்" என்று எல்லாப் பெற்றோரும் சொல்கிறார்கள். 2001-ல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளியானது. எட்டு முதல் பன்னிரண்டு வயதுச் சிறுவர்கள் 64 பேரைச் சிறு குழுக்களாக ஓர் அறையில் விட்டு, இழுப்பறைக்குள் தோட்டா இல்லாத உண்மையான கைத்துப்பாக்கியை வைத்து, மறைவாகக் கவனித்தார்கள். 48 பேர் அதைக் கண்டுபிடித்தார்கள். 30 பேர் கையில் எடுத்தார்கள். 16 பேர் விசையை அழுத்தினார்கள். எடுத்தவர்களில் பெரும்பாலோர் துப்பாக்கிப் பாதுகாப்பைப் பற்றி முன்பே சொல்லிக்கொடுக்கப்பட்ட பிள்ளைகள். பரண், தலையணைக்கடி, துணி அலமாரியின் மேல்தட்டு என்று நாம் மறைவு என்று நினைக்கும் எல்லா இடமும் பிள்ளைகளுக்குத் தெரியும். மறைப்பது பூட்டுவது ஆகாது.

பெரியவர்களுக்கும் பூட்டு வேண்டும் என்பதை யாரும் பேசுவதில்லை. கலிஃபோர்னியாவில் கைத்துப்பாக்கி வைத்திருப்பவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து 2020-ல் வெளியிட்ட ஆய்வில், கைத்துப்பாக்கி உள்ள ஆண்கள் துப்பாக்கியால் தற்கொலை செய்துகொள்வது, இல்லாத ஆண்களைவிட ஏறக்குறைய 8 மடங்கு. பெண்களிடையே 35 மடங்கு. துயரம் ஒரு மணி நேரத்தில் கடந்துபோகக்கூடியது, துப்பாக்கியோ இரண்டாவது வாய்ப்பைத் தருவதே அபூர்வம். வீட்டில் யாருக்காவது மனச்சோர்வோ, குடிப்பழக்கமோ, அடிக்கடி கைநீட்டும் கோபமோ இருந்தால் துப்பாக்கி வாங்க வேண்டாம் என்பதுதான் என் பதில். வாங்கிய பிறகு அப்படி ஒரு காலம் வந்தால், சட்டம் அனுமதிக்கும் வழியில் அதை வீட்டுக்கு வெளியே கொடுத்து வையுங்கள். இதில் வெட்கப்பட எதுவும் இல்லை. என்னிடம் கற்றுக்கொண்ட ஒருவர் மனைவியை இழந்த வாரத்திலேயே பெட்டிச் சாவியைத் தம்பியிடம் கொடுத்துவிட்டார். அவரைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்கு மரியாதை கூடுகிறது.

ஆனால் பூட்டினால் அவசரத்துக்கு எடுக்க முடியுமா? 1983-ல் சால்ட் லேக் சிட்டிக் காவல் அதிகாரி டென்னிஸ் டூலர், கத்தி வைத்திருப்பவன் 21 அடியை, அதாவது ஆறரை மீட்டருக்குச் சற்றுக் குறைவான தூரத்தை, சுமார் ஒன்றரை வினாடியில் கடந்துவிடுவான் என்று செய்து காட்டினார். ஒன்றரை வினாடியில் எந்தப் பெட்டியையும் திறக்க முடியாது. தலையணைக்கடியில் இருந்தாலும் தூக்கக் கலக்கத்தில் எடுக்க முடியாது. அதனால் நேரத்தைத் துப்பாக்கியிடம் கேட்காதீர்கள், கதவிடம் கேளுங்கள். வாசல் கதவின் தாழ்ப்பாள் தகட்டில் இருக்கும் அரையங்குலத் திருகாணிகளைக் கழற்றிவிட்டு, சட்டத்தைத் தாண்டிச் சுவர்வரை இறங்கும் ஏழெட்டு சென்டிமீட்டர் திருகாணிகளைப் போடுங்கள். படுக்கையறைக் கதவுக்கும் கெட்டியான பூட்டு. வெளியே ஆள் அசைந்தால் எரியும் விளக்கு. நாய் பிடிக்கும் என்றால் நாய். இவை தரும் இருபது, முப்பது வினாடிக்குள், பொத்தானை விரலால் தடவியே திறக்கும் சிறு இரும்புப் பெட்டியை நிதானமாகத் திறக்கலாம். அந்தப் பெட்டி கட்டிலுக்குப் பக்கத்தில் சுவரோடோ தரையோடோ திருகப்பட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் நீங்கள் ஊரில் இல்லாத நாளில் திருடன் பெட்டியோடு தூக்கிக்கொண்டு போவான், அந்தத் துப்பாக்கி இன்னொரு வீட்டு வாசலில் நிற்கும்.

சட்டம் நாட்டுக்கு நாடு வேறுபடும். உங்கள் அனுமதிச் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது, எத்தனை தோட்டா, எப்படிப் பூட்டி வைக்க வேண்டும் என்பதை ஒரு வழக்கறிஞரிடம் உட்கார்ந்து கேளுங்கள். பெரும்பாலான நாடுகளுக்குப் பொதுவானது இது: உயிருக்கு உடனடி ஆபத்து இருக்கும்போது, அதைத் தடுக்கத் தேவையான அளவுக்கு மட்டும். டிவியைத் தூக்கிக்கொண்டு ஓடுபவன் உயிருக்கு ஆபத்து இல்லை. 1999-ல் இங்கிலாந்தின் நார்ஃபோக்கில் டோனி மார்ட்டின் என்ற விவசாயி, தம் வீட்டுக்குள் நுழைந்தவர்களை, அனுமதி இல்லாமல் வைத்திருந்த பம்ப் ஷாட்கனால் சுட்டார். பதினாறு வயதுப் பையன் ஒருவன் முதுகில் குண்டு பாய்ந்து இறந்தான். மார்ட்டின் சிறைக்குப் போனார். கொலைத் தீர்ப்பு மேல்முறையீட்டில் கொலைக்குக் குறைவான, மரணம் விளைவித்த குற்றமாகக் குறைக்கப்பட்டது. அவர் பல முறை திருட்டுக்கு ஆளானவர், அவருடைய பயம் பொய் இல்லை. ஆனால் முதுகைக் காட்டுபவனைச் சுட்டதற்குப் பயம் மட்டும் காரணமாகப் போதவில்லை. எச்சரிக்கைக்காக மேலே சுடுவதும் வேண்டாம். மேலே போன தோட்டா எங்காவது இறங்கும்.

இரவில் சத்தம் கேட்டால் என்ன செய்வது என்று நால்வரும் இப்போதே பேசி முடிவு செய்யுங்கள். துப்பாக்கியோடு கூடத்துக்குப் போய்த் தேடுவது நல்ல பயிற்சி பெற்றவர்களே குழுவாகச் செய்ய விரும்பும் வேலை. நீங்கள் செய்ய வேண்டியது ஒரே அறையில் சேர்வது, பூட்டுவது, காவல்துறையை அழைப்பது, "காவல்துறை வருகிறது, எங்களிடம் துப்பாக்கி இருக்கிறது" என்று உள்ளிருந்து உரக்கக் கத்துவது. உங்கள் தாயாரால் இரவில் வேகமாக நடக்க முடியாது. அப்படியானால் கூடும் அறை அவருடையதாக இருக்கட்டும், அல்லது அவர் படுக்கும் அறையை உங்கள் பக்கத்துக்கு மாற்றுங்கள். பையனை அழைத்து வருவது யார் என்பதும் இப்போதே முடிவாகட்டும். காவலர்கள் வரும்போது துப்பாக்கி உங்கள் கையில் இருக்கக் கூடாது. அவர்களுக்கு யார் வீட்டுக்காரர், யார் திருடன் என்று தெரியாது.

பயிற்சிக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்குங்கள். துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் விளக்குக்கும் எல்லாப் பணத்தையும் போட்டுவிட்டு வகுப்புக்கு மிச்சமில்லை என்று வருபவர்களைப் பார்த்து வருந்துகிறேன். விலை குறைந்த, பெயர் பெற்ற துப்பாக்கியும் நல்ல ஆசிரியரும் போதும். வாங்கியதும் இருநூறு பயிற்சித் தோட்டா, பெட்டியில் வைக்கப்போகும் அதே குழிமுனைத் தோட்டாவில் ஐம்பது, ஒரு முறையும் சிக்காமல் ஓடினால்தான் நம்புங்கள். வீட்டில் தோட்டா எதுவும் இல்லாத அறையில், இரண்டு முறை திறந்து பார்த்து உறுதி செய்துகொண்டு, கெட்டியான சுவர் பக்கம் திருப்பி வெறும் விசையை அழுத்திப் பழகுவது வாரம் மூன்று நாள், பத்து நிமிடம். மாதம் ஒரு முறை மைதானம். உங்கள் மனைவியும் அதே அளவு பழக வேண்டும், ஏனென்றால் நீங்கள் வீட்டில் இல்லாத இரவும் வரும்.

வாங்கும் வரிசையை நானாக இருந்தால் இப்படி வைப்பேன். இந்த வாரம் திருகாணி, கதவுப் பூட்டு, வெளிவிளக்கு. அடுத்து, சுவரோடு திருகிய பெட்டி. பிறகு நீங்களும் மனைவியும் சேர்ந்து ஒரு நாள் அடிப்படை வகுப்பு, மைதானத்தில் வாடகைக்குக் கிடைத்தால் நாலைந்து வகைத் துப்பாக்கியைச் சுட்டுப் பாருங்கள். எது உங்கள் மனைவியின் கையில் ஏழு மீட்டரில் ஐந்து தோட்டாவையும் ஒரு சாப்பாட்டுத் தட்டின் அகலத்துக்குள் போடுகிறதோ, அதை வாங்குங்கள்.